அடையாளம் அழிந்த குழாய்: வெள்ளவத்தைக் கராஜ் ஒன்றில் கட்டிய சைக்கிள் பிரேம் வெடித்த நிகழ்வின் ஆய்வு

2023 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கடைகள் மீண்டும் திறந்த கிழமையில், கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்தும் பெரியவர் ஒருவர், ஏழு மாதங்களுக்கு முன்னர் நாங்கள் அளவெடுத்துக் கட்டிக்கொடுத்த சைக்கிளைக் கடதாசி ஏற்றும் சிறிய லொறியொன்றில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்பதாகவும், தன்னுடைய தெருவில் சைக்கிள் திருத்துபவர் பெடல்களை மாற்றி அச்சையும் இறுக்கிய பின்னரும் அது நிற்கவில்லை என்றும் சொன்னார். வண்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கைபிடியைத் தாங்கும் தலைக்குழாயிலிருந்து பெடல் அச்சை நோக்கிச் சரிந்து இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்புறத்தைத் துணியால் துடைத்தபோது, பச்சைப் பெயின்றின் மேல் மயிரிழை போன்ற ஒரு கோடு குறுக்கே ஓடியிருப்பது தெரிந்தது. அதன் ஓரத்தில் தேநீர்க் கறை போலத் துரு கசிந்திருந்தது. விரல் நகத்தை அதன் மேல் இழுத்தபோது நகம் தடக்கியது.

பெயின்றைச் சுரண்டி அளந்ததில் வெடிப்பு 24 மில்லிமீற்றர் நீளமாக இருந்தது. 31.8 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயின் சுற்றளவு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் என்பதால், குழாயின் நான்கில் ஒரு பங்கு பிரிந்துவிட்ட நிலையிலேயே அந்த மனிதர் புறக்கோட்டை நெரிசலுக்குள் ஓடியிருக்கிறார். உருக்குப் பிரேம் முறிவதற்கு முன் சத்தம் போட்டும் துருக் கசிந்தும் எச்சரிக்கை தரும் என்று வாடிக்கையாளர்களிடம் நான் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த எச்சரிக்கையை என்னுடைய வேலையில் கேட்க நேர்ந்தது அதுவே முதல் தடவை.

எங்கள் பட்டறை, காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், வீட்டோடு சேர்ந்த ஒரு கார் நிற்கும் அளவான கராஜ். நானும் ஒரு தம்பியுமாக இருவர் வேலை செய்கிறோம். வெல்டிங் அல்ல, ஒட்சிசன்-அசற்றிலீன் சுவாலையில் பித்தளைக் கம்பியை உருக்கி மூட்டைச் சுற்றிப் பற்றவைக்கும் முறைதான் எங்களுடையது. இந்த வேலையில் எனக்கு முதல் ஆசிரியர் செட்டியார் தெருவில் நகை வேலை செய்த ஒரு பத்தர் என்பதால், வெங்காரம், பற்றாசு என்ற சொற்களே இன்றும் எங்கள் மேசையில் புழங்குகின்றன. அவருடைய வெள்ளிப் பற்றாசு சுமார் 650 பாகை செல்சியசில் ஓடும் என்றால், எங்கள் பித்தளைக்கு 900 பாகைக்கு அண்மித்த வெப்பம் வேண்டும். வெங்காரம் இரண்டிற்கும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறது: சூட்டில் மூட்டு கறுக்காமல் காத்து, உருகிய உலோகத்தை ஓட விடுகிறது.

இந்த ஓடர் வந்தது 2022 ஜூலையில். ஜூன் 28 முதல் இரண்டு கிழமைகளுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டிருந்த காலம் அது; பெற்றோல் வரிசையில் நின்று களைத்தவர்கள் எல்லாம் சைக்கிளைத் தேடினார்கள். பெரியவருக்கு உயரம் குறைவு, கடையில் கிடைக்கும் பிரேம்களில் கால் நிலத்தில் ஊன்றாது. அத்துடன் முன்னால் கடதாசிப் பெட்டி ஏற்றும் கரியர் வேண்டும். ஆகவே முன்சில்லை 20 அங்குலமாகச் சிறிதாக்கி, பாரம் தாழ்வாக இருக்கும்படி கரியரை முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கில் பொருத்தி, பிரேமைக் குறுக்கிக் கட்டுவதாகத் தீர்மானித்தோம். அதே மாதத்தில் இன்னும் இரண்டு பிரேம்களுக்கும் முற்பணம் வாங்கியிருந்தேன். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயம் மே நடுப்பகுதிக்குள் 360 ரூபா வரை விழுந்திருந்த நிலையில், வந்த பணத்தை மறுக்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்த அந்த முடிவு பின்னர் சொல்லப்போகும் தவறுக்கு நேரடியாகத் தொடர்புடையது.

முதல் விளக்கம் பாரத்தின் மேல்

வெடிப்பைக் கண்டவுடன் என் வாயில் வந்த கேள்வி, "ஐயா, எத்தனை பெட்டி ஏத்துறனீங்கள்?" என்பதுதான். ஓடர் எழுதும்போது அவர் இரண்டு பெட்டி என்று சொல்லியிருந்தார். 80 கிராம் தடிப்புள்ள ஏ4 கடதாசி 500 தாள் கொண்ட கட்டு ஒன்று 2.5 கிலோகிராம், ஐந்து கட்டுப் பெட்டி 12.5 கிலோகிராம், இரண்டு பெட்டி 25. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, நான் பொய் சொல்லேல்லை. பள்ளிக்கூடம் தொடங்குற நேரத்திலை மூண்டு ஏத்தினனான்தான்" என்றார். 37.5 கிலோகிராம். எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல் பிறந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை: பிழை என்னுடையது அல்ல என்று நினைத்துக்கொண்டேன், அவரும் அப்படியே நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிரவு ஒரு தாளில் விசைகளை வரைந்து பார்த்தபோது அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. கரியர் பிரேமில் அல்லாமல் போர்க்கில் பொருத்தப்பட்டிருந்ததால், பெட்டிகளின் நிறை போர்க்கின் வழியே நேரே முன் அச்சுக்கு இறங்குகிறது. நின்ற நிலையில் அது தலைக்குழாயைப் பெரிதாக வளைப்பதில்லை. தலைக்குழாயை முன்னால் திறக்கப் பார்ப்பதும், அதனால் கீழ்க்குழாயின் அடிப்புறத்தை இழுவைக்கு உட்படுத்துவதும், பெரும்பாலும் ஓட்டுபவரின் நிறையும் வீதிக் குழிகளுமே. பாரத்தை முற்றாக விடுவிக்கவும் முடியாது, ஏனெனில் பஸ் ஒன்று குறுக்கே நிறுத்தும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் கூடிய பாரம் கூடிய பிரேக் விசையைக் கேட்கும், அந்த விசை அதே மூட்டை எதிர்த்திசையில் வளைக்கும். கைபிடி அசையும்போது முறுக்கமும் கூடும். ஆனால் நாளொன்றுக்கு ஒரு பெட்டி கூடியதனால் மட்டும் ஒழுங்காகக் கட்டிய ஓர் உருக்குக் குழாய் ஏழு மாதத்தில் வெடிப்பது எனக்குப் பொருந்தி வரவில்லை.

அடுத்த சந்தேகம் சுவாலையின் மேல் விழுந்தது. பித்தளையை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதிலுள்ள நாகம் (துத்தநாகம்) கொதித்து வெண்புகையாகப் போய்விடும், பற்றின் மேற்பரப்பில் ஊசித்துளைகள் தெரியும். அதைவிட மோசமாக, இழுவையில் இருக்கும் உருக்கின் நுண்ணிய பளிங்கு மணிகளுக்கு இடையே உருகிய பித்தளை ஊடுருவி உள்ளிருந்தே வெடிப்பை உண்டாக்கும். அவ்வாறான வெடிப்பு பற்றின் விளிம்பிலோ அதற்கடியிலோ இருக்கும், அதன் வாயில் மஞ்சள் நிறம் தெரியும். இங்கோ வெடிப்பு பற்றின் விளிம்பிலிருந்து 18 மில்லிமீற்றர் தள்ளி இருந்தது. உருப்பெருக்கியால் பார்த்தும் மஞ்சள் நிறத்தின் சுவடே இல்லை. பற்றின் மேற்பரப்பும் ஒழுங்காக இருந்தது. தம்பியின் முகம் அப்போதுதான் தெளிந்தது, ஏனென்றால் அந்த மூட்டைப் பற்றவைத்தவன் அவன்.

குழாயைப் பிளந்து பார்த்தது

இதற்கு மேல் ஊகிப்பதற்கு எதுவுமில்லை என்பதால், பெரியவரின் சம்மதத்துடன் கீழ்க்குழாயை வெட்டி எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். இங்கே குழாயின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். நல்ல சைக்கிள் குழாய் முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பாக இருப்பதில்லை. வெளி விட்டம் மாறாமல், மூட்டுகள் வரும் இரு முனைகளிலும் சுவர் தடித்தும், நடுவில் மெலிந்தும் இருக்கும். பேர்மிங்காமில் அல்பிரட் ரெனோல்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்ற இந்த முறைதான் இன்றும் உருக்குப் பிரேம்களின் அடிப்படை. நாங்கள் வாங்கிய குழாய் 650 மில்லிமீற்றர் நீளம், முனைகளில் 0.8, நடுவில் 0.5 மில்லிமீற்றர் தடிப்பு. தடித்த பகுதி ஒரு முனையில் 100 மில்லிமீற்றருக்கும் மறுமுனையில் 200 மில்லிமீற்றருக்கும் நீள்கிறது. இரண்டிலிருந்தும் 40 மில்லிமீற்றர் தூரத்துக்குள் சுவர் படிப்படியாக மெலிகிறது. நீண்ட முனை அப்படி நீண்டிருப்பதே வெட்டுவதற்காகத்தான். எந்தப் பிரேமுக்கு எவ்வளவு குறைக்க வேண்டுமோ அதை அந்தப் பக்கத்தில் மட்டும் குறைக்க வேண்டும். குறுகிய முனையைத் தொடக்கூடாது. எது எந்த முனை என்று வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததால், உற்பத்தியாளர் ஒரு முனையில் மையால் அடையாளம் இட்டு அனுப்புகிறார்.

பிளந்த குழாயின் உட்புறம் விளக்கின் கீழ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பெடல் அச்சுப் பக்கத்தில் தடித்த சுவர் 200 மில்லிமீற்றரும் குறையாமல் அப்படியே இருந்தது. தலைக்குழாய்ப் பக்கத்தில் 30 மில்லிமீற்றர் மட்டுமே மிச்சம். பிரேமைக் குறுக்குவதற்காக வெட்டிய 70 மில்லிமீற்றரும் தவறான முனையில் போயிருந்தன.

அந்த 30 மில்லிமீற்றரும் உண்மையில் 30 அல்ல. கீழ்க்குழாய் தலைக்குழாயை ஏறத்தாழ 60 பாகையில் சந்திப்பதால், வாயை ராவிப் பொருத்தும்போது குழாயின் மேற்புறத்தைவிட அடிப்புறம் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் குறுகிவிடுகிறது; மீதி 12. அதில் பித்தளைப் பற்று 10 மில்லிமீற்றரை மூடிக்கொள்கிறது. ஆகவே பற்றின் விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீற்றருக்குள் சுவர் மெலியத் தொடங்கிவிட்டது, அதுவும் அதிக இழுவை விழும் அடிப்புறத்தில், சுவாலையின் வெப்பம் உருக்கை ஏற்கெனவே இளக்கியிருந்த பகுதிக்குள். சாதாரண திருகுக் கணிச்சியின் தட்டையான முகம் வளைந்த உட்சுவரில் சரியாக அமராது என்பதால், 6 மில்லிமீற்றர் போல்ஸ் (பெயரிங் உருண்டை) ஒன்றை உட்புறத்தில் வைத்து அளந்து, பின்னர் 6ஐக் கழித்தோம். வெடிப்பின் ஓரத்தில் சுவர் 0.67 மில்லிமீற்றர்.

0.8க்கும் 0.67க்கும் உள்ள வித்தியாசம் தாளில் சிறியதாகத் தோன்றும். மெல்லிய சுவருள்ள குழாயில் வளைவினால் வரும் தகைப்பு சுவரின் தடிப்புக்கு ஏறத்தாழ நேர்மாறானது என்பதால், அந்த இடத்தில் தகைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். ஆனால் மீண்டும் மீண்டும் வளைந்து சோரும் உலோகத்தின் ஆயுள் தகைப்புடன் ஒரே விகிதத்தில் குறைவதில்லை, பல மடங்கு வேகமாகக் குறைகிறது. சைக்கிள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரநியமத்தில் முன் அச்சை முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான தடவைகள் தள்ளி இழுக்கும் ஒரு சோதனை இருப்பது இந்த மூட்டுக்காகவே என்று சொல்லலாம். ஒவ்வொரு பிரேமையும் வேறுவேறு அளவில் கட்டும் இரண்டு பேர் கொண்ட பட்டறை அந்தச் சோதனையை நடத்த முடியாது. நாங்கள் அச்சகத்துக்காரரை வைத்து அதை நடத்தியிருக்கிறோம்.

அடையாளம் எங்கே போனது?

வெட்டியவன் நான். என் கையெழுத்தில் வேலைக் கொப்பியில் "கீழ்க்குழாய் 580" என்று இருக்கிறது. எந்த முனையில் வெட்டியது என்று எழுதப்படவில்லை, எழுதும் வழக்கமும் இருக்கவில்லை, ஏனெனில் வெட்டும் நேரத்தில் மை அடையாளம் எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்தத் தடவை மட்டும் அது இல்லாமல் போனதற்கான காரணத்தைத் தேட நாங்கள் இருவரும் 2022 ஜூலையின் இரவுகளை மீண்டும் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

குழாய்கள் எண்ணெய் பூசி வருகின்றன. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் கராஜில் அந்த எண்ணெய்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. மாலையில் துடைத்து வைத்த குழாயில் காலையில் செம்பொடி பூத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு குழாயையும் வெட்டுவதற்குச் சற்று முன்னர்தான், அடையாளத்தைப் பார்த்து முனையில் ஒரு சிறு அரவெட்டுப் போட்ட பின்னர், தின்னரால் துடைப்பது எங்கள் ஒழுங்கு. அந்த மாதத்தில் நாள்தோறும் மின்சாரம் சில மணித்தியாலங்கள் இல்லாமல் போனதால், மின்சாரம் இருக்கும் நேரத்தில் துளையிடும் வேலையையும் அரைக்கும் வேலையையும், இல்லாத நேரத்தில் கைவேலைகளையும் செய்வது என்று நாளையே பிரித்து வைத்திருந்தோம். மூன்று பிரேம்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் தம்பி, அடுத்த நாள் எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று, மூன்று பிரேம்களின் குழாய்களையும் ஒன்றாகத் துடைத்து, துருப்பிடிக்காமல் பிளாஸ்ரிக் தாளில் சுற்றி வைத்திருக்கிறான். எண்ணெயுடன் மையும் போய்விட்டது. "அண்ணை, துடைக்கச் சொன்னனீங்கள் எண்டுதான் துடைச்சனான்" என்றான். சொன்னேன் என்பது உண்மை. முதலில் அரவெட்டுப் போட வேண்டும் என்பதை நான் அவனுக்கு ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. என் கை செய்வதைப் பார்த்து அவன் தெரிந்துகொண்டிருப்பான் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

காலையில் மை இல்லாத குழாயைக் கையில் எடுத்தபோது நான் ஏன் நிற்கவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மின்சாரம் வந்திருந்தது, இரண்டரை மணித்தியாலம் இருந்தது, குழாயைப் பிடித்தேன், வெட்டினேன்.

மற்ற இரண்டு பிரேம்கள்

இந்த ஆய்வில் என்னை அதிகம் வருத்திய பகுதி இதுதான். அதே இரவில் துடைக்கப்பட்ட குழாய்களால் கட்டிய இரண்டு சைக்கிள்கள் தெகிவளையிலும் பொரளையிலும் ஓடிக்கொண்டிருந்தன. அன்று மாலையே இருவரையும் தொலைபேசியில் அழைத்து, வண்டியில் ஏற வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒருவர் கோபித்தார். மற்றவர் சிரித்தார், அது அதைவிடக் கடினமாக இருந்தது.

வெட்டாமல் உள்ளே பார்க்க வழி உண்டு. பெடல் அச்சைக் கழற்றினால் அதன் கூட்டுக்குள் கீழ்க்குழாயின் வாய் திறந்திருக்கும். தொலைபேசியுடன் பொருத்தும், நுனியில் விளக்குள்ள கம்பிக் கமராவை அதன் வழியே விட்டால், தடிப்பு மெலியும் இடத்தில் ஒளி ஒரு வளையமாக உடைவது தெரியும். கம்பியில் ஒட்டுநாடா சுற்றி அந்த வளையத்தின் தூரத்தை அளந்தோம். தெகிவளைப் பிரேமில் வளையம் 155 மில்லிமீற்றரில் தெரிந்தது. 45 மில்லிமீற்றர் நீண்ட முனையில், அதாவது சரியான பக்கத்தில், வெட்டப்பட்டிருந்தது. பொரளைப் பிரேமில் வளையம் 200இல். அங்கும் தவறான முனைதான், ஆனால் உயரமானவருக்கான பிரேம் என்பதால் வெட்டியது 25 மட்டும். தலைக்குழாய்ப் பக்கத்தில் 75 மில்லிமீற்றர் தடிப்பு மீந்திருந்தது. அது போதும் என்பது என் கணிப்பு. ஆனாலும் உரிமையாளரிடம் உள்ளதைச் சொல்லி, விரும்பினால் குழாயை மாற்றித் தருவதாகவும் சொன்னேன். அவர் ஓட்டுவதையே விரும்பினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மூட்டைத் துடைத்து உருப்பெருக்கியால் பார்த்துக் கொப்பியில் திகதி போடுகிறோம்.

திருத்தமும் செலவும்

பெரியவருக்குப் புதுப் பிரேம் கட்டுவதா, குழாயை மட்டும் மாற்றுவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. தம்பி புதிதாகக் கட்டச் சொன்னான். மற்ற மூட்டுகள் யாவும் நன்றாக இருந்ததால் நான் குழாயை மாற்றத் தீர்மானித்தேன், ஆனால் அது நான் எண்ணியதைவிடப் பெரிய வேலை. பழைய பற்றை அரத்தாலும் அரைகல்லாலும் எடுத்து, தலைக்குழாயின் சுவரைத் தொடாமல் நிறுத்துவதற்கே ஒரு முழு நாள் போயிற்று. இரண்டாம் தடவை சூடாகியதில் பெடல் அச்சுக் கூட்டின் புரி சற்றுக் கோணியதால் அதைப் புரி வெட்டும் தட்டியால் மீண்டும் சுத்தம் செய்தோம். அங்கே வலப்பக்கப் புரி, இடப்பக்கம் சுற்றினால் இறுகும் இடப்புரி என்பதை மறந்தால் கூடே போய்விடும். கடைசியில், குசினி மேசைக்கு வெட்டி மிஞ்சிய கருங்கல் பலகையின் மேல் வைத்து நேர் பார்த்ததில் பின்சில்லு பொருந்தும் பின்முனைகள் ஒரு மில்லிமீற்றருக்குள் நின்றன. முதலில் கட்டியதற்கு 44 மணித்தியாலம், திருத்தத்துக்கு 21. குழாய்கள் தொகுதியாகவே வருவதால் மாற்றுக் குழாயை இன்னொரு தொகுதியிலிருந்து எடுத்தோம். அந்தத் தொகுதி இன்றும் ஒரு குழாய் குறைவாக மூலையில் நிற்கிறது. பெரியவரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

புதுக் குழாயில் மை இருந்தது. இருந்தும் அதை நம்பாமல் வேறொரு வழியில் சரிபார்த்தோம், அதுவே இப்போது ஒவ்வொரு குழாய்க்கும் வழக்கமாகிவிட்டது. குழாயை முக்கோண அரத்தின் விளிம்பில் குறுக்காக வைத்து, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடுவது. தடிப்பு நீண்ட பக்கம் கனமானது ஆகையால் சமநிலைப் புள்ளி நடுவில் இராது. இந்த அளவுக் குழாயில் கணக்குப்படி நடுவிலிருந்து 10 மில்லிமீற்றர் சொச்சம் நீண்ட முனையை நோக்கித் தள்ளியிருக்க வேண்டும். முதன்முதலாகச் செய்து பார்த்தபோது 10க்கும் 11க்கும் இடையில் குழாய் அசையாமல் நின்றது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, இது தெரிந்திருந்தால் மையே தேவையில்லையே என்றான். அரவெட்டு, கொப்பியில் முனையின் குறிப்பு, சமநிலை ஆகிய மூன்றில் இரண்டு ஒத்து வராமல் வாள் குழாயைத் தொடுவதில்லை என்பது இப்போதைய ஒழுங்கு. ஓடர் எழுதும்போது பாரத்தைக் கேட்கும் விதமும் மாறியது: எத்தனை பெட்டி என்று கேட்பதில்லை, ஆண்டிலேயே அதிகமாக ஏற்றிய நாள் எது, அன்று எவ்வளவு என்று கேட்கிறோம்.

ஒரு விடயம் மட்டும் சரிவரவில்லை. பழைய பச்சைப் பெயின்றின் நிறத்தை எவ்வளவு கலந்தும் பிடிக்க முடியவில்லை. புதுக் கீழ்க்குழாய் பக்கத்திலிருந்து பார்த்தாலே சற்று வெளிறித் தெரிந்தது. முழுப் பிரேமையும் உரித்து மீண்டும் அடித்துத் தருகிறேன், இன்னும் நான்கு நாள் பொறுங்கள் என்றேன். பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, மூட்டின் அடியில் விரலால் தடவிப் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. எது புதுக் குழாய் எண்டு எனக்குத் தெரிஞ்சால்தானே நான் அங்கை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை ஒழுங்கை வழியே உருட்டிக்கொண்டு போனார்.